இரவானால் அரிப்பு, விதைப்பையில் சிவப்புப் புள்ளிகள். என்னவாக இருக்கும்?

கட்டிங்_மாஸ்டர் | ஞாயிறு, இரவு 11:52

வணக்கம். இதை நேரில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதுகிறேன். வயது 27. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஆறு பேர் ஒரே அறையில் தங்கியிருக்கிறோம்.

இரண்டு மாதமாக விதைப்பையில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள். கொசு கடித்த மாதிரி மேடாக இருக்கின்றன. ஆணுறுப்பின் தண்டிலும் நான்கைந்து. பகலில் வேலை மும்முரத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. படுத்தால் போதும், ஆரம்பித்துவிடும். தூக்கத்திலேயே சொறிந்து, காலையில் பார்த்தால் லுங்கியில் ரத்தக் கறை.

மெடிக்கலில் கேட்டேன். கடையில் பெண்கள் நின்றிருந்ததால் "கவட்டையில் அரிப்பு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன். ஒரு டியூப் கொடுத்தார். போட்ட மறுநாளே அடங்கியது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்துவிட்டது. இப்போது மூன்றாவது டியூப் ஓடுகிறது. தப்பான பழக்கம் எதுவும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் எய்ட்ஸ் மாதிரி ஏதாவதா என்று யோசித்து யோசித்தே பாதித் தூக்கம் போய்விட்டது.

மதுரைக்காரன்82 | திங்கள், காலை 6:10

தம்பி, இது சாதாரணப் படர்தாமரை. நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாருக்கும் வரும். அதே டியூபை விடாமல் ஒரு மாதம் போடுங்கள். நீங்கள் பாதியில் நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. ஜட்டி போடாமல் கொஞ்ச நாள் வேட்டி கட்டுங்கள். நான் அப்படித்தான் சரி செய்தேன்.

கவுண்டருக்குப்_பின்னால் | திங்கள், காலை 8:35

மதுரைக்காரரே, மன்னிக்கவும், அந்த டியூபை ஒரு மாதம் போடச் சொல்லாதீர்கள். நான் மருந்துக் கடையில் 9 வருடம் நின்றவன். அந்த மாதிரி டியூபை நானே நூற்றுக்கணக்கில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் எழுதுகிறேன்.

கட்டிங் மாஸ்டர், டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். குளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இருக்கும். இவை ஸ்டீராய்டு. கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு ஆன்டிபயாட்டிக். கடைக்காரருக்கு இது வசதி. பூஞ்சையோ பாக்டீரியாவோ அலர்ஜியோ, எதுவாக இருந்தாலும் ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும் என்ற கணக்கு. மறுநாளே அரிப்பு நின்றதே, அது ஸ்டீராய்டின் வேலை. சிவப்பையும் நமைச்சலையும் அமுக்கிவிடும். கீழே பூஞ்சை இருந்தால் அது நிம்மதியாக வளரும், பூச்சி இருந்தால் அதுவும் பெருகும். நிறுத்தினால் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். மறுபடி கடைக்கு வருவீர்கள். எங்களுக்கு வியாபாரம்.

2018இலேயே மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. கடைகளில் எத்தனை பேர் சீட்டுக் கேட்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த இடத்துத் தோலும் கை கால் தோல் மாதிரி இல்லை. 1967இல் ஃபெல்ட்மன், மைபாக் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் ஹைட்ரோகார்ட்டிசோன் எவ்வளவு உள்ளே போகிறது என்று அளந்தார்கள். முன்கையோடு ஒப்பிட்டால் விதைப்பைத் தோல் 42 மடங்கு உறிஞ்சியது. கையில் போடுகிற அளவையே அங்கே போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தோல் மெலிந்து, சிவந்து, காற்றுப் பட்டாலே எரியும் நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மதுரைக்காரன்82 | திங்கள், காலை 9:02

எனக்குச் சரியாகிவிட்டதே, சார்?

கவுண்டருக்குப்_பின்னால் | திங்கள், காலை 9:20

சந்தோஷம். எத்தனை மாதமாக எதுவும் போடாமல் இருக்கிறீர்கள்?

மதுரைக்காரன்82 | திங்கள், காலை 9:41

அது... மழைக்காலத்தில் மட்டும் கொஞ்சம் போடுவேன்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | திங்கள், மதியம் 1:15

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவிலும் பால்வினை நோய்ப் பிரிவிலுமாக 22 வருடம் இருந்தேன். தம்பி, முதலில் கொஞ்சம் மூச்சு விடுங்கள். அந்த இடத்தில் ஒரு புள்ளி வந்தாலே எய்ட்ஸ் என்று நடுங்கிக்கொண்டு வருகிறவர்கள்தான் எங்கள் ஓபியில் பாதிப் பேர். பெரும்பாலோருக்குப் பூஞ்சையோ சொறியோ சோப்பு அலர்ஜியோதான் இருக்கும்.

பார்க்காமல் நான் எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் கேட்கப்போகிற கேள்விகளை இப்போதே கேட்டுவைக்கிறேன்.

தடிப்பு வட்டமாக, ஓரம் மட்டும் சிவந்து, மேலே தூள் தூளாகச் செதில் உரிந்து, நடுவில் தெளிந்து, தொடை இடுக்கை நோக்கிப் பரவுகிறதா? அப்படியானால் படர்தாமரை. அது பெரும்பாலும் தொடையைப் பிடிக்கும், விதைப்பையை விட்டுவிடும். நீங்கள் சொல்வது தலைகீழாக இருக்கிறது. புள்ளி புள்ளியாக மேடு, விதைப்பையிலும் தண்டிலும், அதுவும் இரவில்தான் என்கிறீர்கள். எனக்கு வேறு சந்தேகம்.

விரல் இடுக்கில், மணிக்கட்டின் உள்பக்கம், அக்குள், தொப்புளைச் சுற்றி, பிட்டத்தில் எங்கேயாவது இதே மாதிரி அரிப்பு உண்டா? அறையில் இருக்கிற மற்ற ஐந்து பேரில் யாராவது இரவில் சொறிகிறார்களா?

கொப்புளம் கொத்தாக வந்து உடைந்து வலித்ததா? வலியே இல்லாமல் ஒரே ஒரு புண் வந்து தானாக ஆறியதா? புதிதாக ஏதாவது மாத்திரை சாப்பிட்டீர்களா? வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா? அந்த இடத்தில் என்னென்ன ஊற்றினீர்கள், பூசினீர்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும் யாரும் முதல் தடவையிலேயே உண்மையைச் சொல்வதில்லை.

மட்டுறுத்துநர் | திங்கள், மாலை 4:00

இந்த இழையில் படங்கள் வேண்டாம். ஒருவர் போட்ட படத்தை நீக்கியிருக்கிறோம். நல்ல எண்ணத்தில்தான் போட்டார் என்று தெரியும், இருந்தாலும் வேண்டாம்.

கட்டிங்_மாஸ்டர் | திங்கள், இரவு 10:38

சிஸ்டர், நன்றி. டியூபைப் படித்தேன். குளோபெட்டசால் என்றுதான் இருக்கிறது.

வட்டம் எதுவும் இல்லை. தொடையில் ஒன்றும் இல்லை. கொப்புளம், புண் கிடையாது. மாத்திரையும் எதுவும் சாப்பிடவில்லை. அப்பாவுக்குச் சர்க்கரை உண்டு.

விரல் இடுக்கு என்று நீங்கள் கேட்டதும் பார்த்தேன். வலது கையில் சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பொரிப்பொரியாக இருக்கிறது. துணி, சாயம் என்று கை எப்போதும் எதையாவது தொட்டுக்கொண்டே இருப்பதால் அதை நான் கண்டுகொண்டதே இல்லை. தொப்புள் பக்கத்திலும் இரண்டு.

அறையில் ஒருவன் போன மாதம் முழுக்கச் சொறிந்தான். மூட்டைப்பூச்சி என்று சொல்லிப் பாயை மாற்றினோம்.

பூசியது: தேங்காய் எண்ணெய். அப்புறம் ஒருமுறை எலுமிச்சம்பழம். அப்புறம் கிருமிநாசினித் திரவம், தண்ணீர் கலக்காமல்.

கவுண்டருக்குப்_பின்னால் | திங்கள், இரவு 10:44

எலுமிச்சம்பழமா! சொறிந்து கீறின இடத்திலா?

கட்டிங்_மாஸ்டர் | திங்கள், இரவு 10:51

கேட்காதீர்கள் அண்ணே. பாத்ரூமில் அரை மணி நேரம் குதித்தேன்.

மண்வாசம் | செவ்வாய், காலை 5:55

எங்கள் பாட்டி குப்பைமேனி இலையோடு மஞ்சளும் கல்லுப்பும் சேர்த்து அரைத்து உடம்பு முழுக்கப் பூசி, காய்ந்ததும் குளிப்பாட்டுவார். சொறி சிரங்கு எல்லாம் பறந்துவிடும். மருந்துக் கடைக்கு ஓடுவதற்கு முன்னால் அதைச் செய்து பாருங்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | செவ்வாய், காலை 9:30

மண்வாசம், கையிலும் காலிலும் பாட்டி பூசியது வேறு. விதைப்பையில் உப்பு சேர்த்த பச்சிலையைப் பூசினால் தோல் வெந்துபோகும். ஓபியில் இப்படி உரிந்த தோலோடு வருகிறவர்களுக்கு நாங்கள் முதலில் அந்த எரிச்சலைத்தான் ஆற்ற வேண்டியிருக்கும். அதற்கப்புறம்தான் மூல நோய் என்னவென்றே தெரியும். சந்தேகத்தில் இருக்கும்போது அங்கே வெறும் தண்ணீர் மட்டும் போதும். கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, காற்றாட விடுவது. தாங்கவே முடியாத அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் வைக்கலாம். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

தம்பி, விரல் இடுக்கு, தொப்புள், அறை நண்பன், எல்லாம் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. டியூபை நிறுத்திவிட்டு ஜிஎச் தோல் ஓபிக்குப் போங்கள். காலை ஏழரைக்கே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள்.

பெயர்_வேண்டாம் | செவ்வாய், இரவு 9:17

இழையைப் படித்துவிட்டு என் கதையையும் சொல்லத் தோன்றுகிறது. சிஸ்டர் கேட்ட மாத்திரைக் கேள்விக்காக.

எனக்கு மூன்று வருடத்தில் நான்கு தடவை, ஆணுறுப்பின் மொட்டில் ஒரே இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவு வட்டமாகச் சிவந்து எரியும். ஒருமுறை கொப்பளித்தும் விட்டது. பத்து நாளில் ஆறி, கருநீலமாகத் தழும்பு நிற்கும். மனைவி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் பெரிய தண்டனை. ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்து, எல்லாம் நெகட்டிவ். அந்தக் காகிதத்தைக் காட்டியும் வீட்டில் பேச்சு பழையபடி வரவில்லை.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர், "இது வருவதற்கு முந்தின நாள் என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டார். யோசித்தேன். நான் மார்க்கெட்டிங்கில் இருப்பவன், கண்ட இடத்தில் சாப்பாடு. வயிறு கலங்கினால் மெடிக்கலில் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை வாங்கிப் போடுவேன். நான்கு தடவையும் அதுதான்! மருந்து ஒவ்வாமையில் இப்படி ஒரு வகை இருக்கிறதாம். அந்த மாத்திரை உள்ளே போனால் சில மணி நேரத்தில் அதே இடத்தில்தான் வரும். வேறு சிலருக்கு வலி மாத்திரையிலும் டாக்சிசைக்ளினிலும் சல்ஃபா மாத்திரையிலும் வருவதுண்டு என்றார்.

அடுத்த தடவை மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அதே விளக்கத்தை அவளிடமும் சொன்னார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறும்வரை அவள் பேசவில்லை. அப்புறம், "முதல்லயே இந்த டாக்டரைப் பார்த்திருக்கலாம்ல" என்றாள். இப்போது என் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கிறது, எனக்கு ஆகாத மருந்தின் பெயர் எழுதி.

சேலத்து_ஆட்டோ | செவ்வாய், இரவு 11:05

எனக்கு 46. முன்தோலின் நுனி சிவந்து, பிளேடால் கீறின மாதிரி மெல்லிய வெடிப்புகள். உள்ளே வெள்ளையாக மாவு மாதிரி படியும், அரிக்கும், சிறுநீர் போனால் எரியும். நானும் இரண்டு மூன்று களிம்பு போட்டேன். அடங்கும், வரும். டாக்டர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு மருந்துகூட எழுதவில்லை, முதலில் சர்க்கரை பார்த்து வா என்றார். வெறும் வயிற்றில் 286. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியும். கேண்டிடா பூஞ்சையாம். சர்க்கரை இறங்கியதும் அதுவும் போய்விட்டது.

சுகர்_15_வருடம் | புதன், காலை 7:22

சேலத்தாருக்கு ஒரு கூடுதல் தகவல். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இப்போது நிறையப் பேருக்கு எழுதும் சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. அதனால் அந்த இடத்தில் பூஞ்சை வர வாய்ப்பு அதிகம். ஆண், பெண் இருவருக்கும்தான். எனக்கும் வந்தது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரை என்பதால் டாக்டர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவை சிறுநீர் போனதும் தண்ணீர் விட்டுக் கழுவித் துடைக்கச் சொன்னார், அதற்குப் பிறகு வரவில்லை. நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | புதன், காலை 8:10

இதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு அந்தப் பகுதியில் அரிப்பாக இல்லாமல் கடும் வலி, வேகமாக வீக்கம், காய்ச்சல், தோல் கறுப்பது என்று வந்தால் ஓபி நேரம் வரை காத்திருக்கக்கூடாது. நடு இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். அபூர்வம்தான், ஆனால் மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

மல்லிகை_முற்றம் | புதன், மதியம் 2:48

ஆண்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். அம்மாவுக்கு 61 வயது. ஒரு வருடமாகப் பிறப்புறுப்பு வெளித்தோலில் அரிப்பு. என்னிடம் சொல்லவே எட்டு மாதம் ஆகியிருக்கிறது. சிவப்பாக ஆரம்பித்து இப்போது தோல் வெளுத்து, காகிதம் மாதிரி மெலிந்திருக்கிறது என்கிறார். வெள்ளைப்படுதல் இல்லை. பூஞ்சை களிம்பு கேட்கவில்லை. ஸ்டீராய்டு கூடாது என்று மேலே படித்ததும் பயம் வந்துவிட்டது, ஏனென்றால் மகப்பேறு மருத்துவர் எழுதிக்கொடுத்திருப்பதே குளோபெட்டசால்தான்!

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | புதன், மாலை 5:36

பயப்படாதீர்கள் அம்மா, மருத்துவர் எழுதியதை நிறுத்தவும் செய்யாதீர்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டால் லைக்கன் ஸ்க்ளிரோசஸ் மாதிரி இருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் பார்க்கலாம். அதற்கு முதல் மருந்தே வீரியமான ஸ்டீராய்டுதான். பார்த்துக் கண்டுபிடித்து, எத்தனை நாள், விரல் நுனியில் எவ்வளவு என்று எழுதிக்கொடுத்தால் மருந்து. எதற்கென்றே தெரியாமல் கடையில் வாங்கிப் பூசினால்தான் விஷம். மேலே நாங்கள் திட்டியது இரண்டாவதை. அரிப்பு அடங்கிய பிறகும் அம்மாவை வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டுங்கள். சிறு அளவில் புற்றுநோய் வாய்ப்பு உண்டு என்பதால் அந்தத் தோலைக் கண்காணிப்பில் வைத்திருப்பார்கள்.

வயது குறைந்த பெண்கள் யாராவது படித்தால்: தயிர் திரிந்த மாதிரி வெள்ளைப்படுதலோடு அரிப்பு என்றால் பெரும்பாலும் கேண்டிடா. கர்ப்ப காலத்திலும், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகும் வரும். மாதவிடாய் நாட்களில் மட்டும், நாப்கின் படுகிற இடத்தில் மட்டும் சிவந்தால் அந்த நாப்கினை மாற்றிப் பாருங்கள். மணம் சேர்த்த கழுவுநீர் எதுவும் அங்கே தேவையில்லை.

மல்லிகை_முற்றம் | புதன், மாலை 6:02

இதை அப்படியே அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அந்த சிஸ்டர் எந்த ஊர்?" என்று கேட்கிறார்.

வயசு52 | புதன், இரவு 8:30

என் விதைப்பையில் இருபது முப்பது சிவப்புப் பொட்டுகள், ஊதா கலந்தும் இருக்கின்றன. அரிப்பே இல்லை. வருடக்கணக்கில் அப்படியே. ஒருமுறை துண்டு உரசி ரத்தம் வந்தது. இதுவும் அதுதானா?

கவுண்டருக்குப்_பின்னால் | புதன், இரவு 8:55

ஆஞ்சியோகெரட்டோமா என்று ஒன்று உண்டு. ரத்த நாளம் விரிந்து வரும் பொட்டு, வயதானால் பலருக்கு வரும், ஒட்டாது, மருந்து வேண்டாம். அதுதான் என்று நேரில் பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும், ரத்தமும் வந்திருப்பதால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கட்டிங்_மாஸ்டர் | வியாழன், மாலை 7:44

போய்விட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், என்னை மாதிரி கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்காக.

ஏழே முக்காலுக்குச் சீட்டு. என் முன்னால் 40 பேர். உள்ளே போனால் ஒரு பெண் டாக்டர். அவ்வளவுதான், திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். "எங்கே அரிப்பு?" என்றார். நான் கவட்டை என்று இழுத்தேன். அவர் கையை நீட்டச் சொன்னார். நான் ஏதோ நாடி பார்க்கிறார் என்று நினைத்தேன். விரல்களை விரித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தார். சுண்டு விரல் பக்கம் வந்ததும் நிறுத்தி, மேஜையிலிருந்து ஒரு சின்ன லென்ஸ் கருவியை எடுத்து, தோலில் ஒட்டவைத்து, அதில் போனைப் பொருத்தினார். "இங்கே பார்" என்று திரையைக் காட்டினார். பென்சிலால் லேசாகக் கிழித்த மாதிரி ஒரு வளைந்த கோடு, அரை அங்குலம்கூட இருக்காது. அதன் நுனியில் கறுப்பாகக் குட்டி முக்கோணம். "அதுதான் பூச்சியின் தலைப்பக்கம். இவ்வளவு நாள் உனக்கு வாடகை கொடுக்காமல் குடியிருக்கிறது" என்றார்.

ஸ்கேபிஸ். சொறிப்பூச்சி. அப்புறம் திரை போட்டு ஒரு ஆண் டாக்டரை வைத்தும் பார்த்தார்கள். விதைப்பையிலும் தண்டிலும் இருக்கும் மேடுகளும் அதுவேதான். நான் பூசிய டியூபால் தோல் கொஞ்சம் மெலிந்திருக்கிறதாம், நிறுத்தினால் தேறும் என்றார்.

எய்ட்ஸ் பயத்தையும் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேண்டுமானால் நம்பிக்கை மையத்தில், அதாவது அரசு எச்ஐவி பரிசோதனை மையத்தில், இலவசமாகப் பரிசோதிக்கலாம், உன் சம்மதம் இல்லாமல் யாரும் செய்ய மாட்டார்கள், யாருக்கும் சொல்லவும் மாட்டார்கள் என்றார். செய்தேன். நெகட்டிவ். சர்க்கரையும் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அறையில் ஆறு பேருக்கும் ஒரே இரவில் போட வேண்டுமாம். இதை நான் எப்படி ஐந்து பேரிடம் சொல்வேன்?

மதுரைக்காரன்82 | வியாழன், இரவு 8:01

நான் படர்தாமரை என்றேனே, தம்பி. வாபஸ்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | வியாழன், இரவு 9:12

சபாஷ் தம்பி. நண்பர்களிடம் விரல் இடுக்கை மட்டும் காட்டுங்கள், மற்றதைச் சொல்லவே தேவையில்லை. தொடர்ந்து தோலோடு தோல் பட்டாலே ஒட்டும். ஒரே பாயில் படுத்தாலும் போதும். உடலுறவில் ஒட்டுவதும் உண்டு, ஆனால் உங்கள் கதையில் பாய்தான் காரணம். புதிதாக ஒட்டினவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். அதனால் "எனக்குத்தான் ஒன்றும் இல்லையே" என்று சொல்கிறவரும் போட்டாக வேண்டும். இங்கேதான் எல்லாரும் கோட்டை விடுவார்கள்.

களிம்பு எப்படி என்று கவனியுங்கள். அரிக்கிற இடத்தில் மட்டும் பூசுவது வீண். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, ஒரு இடம் விடாமல். விரல் இடுக்கு, நகக்கண், தொப்புள், அக்குள், பிட்டப் பிளவு, உறுப்பு, விதைப்பையின் அடிப்பக்கம் எல்லாம். பெரியவர் ஒருவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம் போகும். குளித்து, உடம்பு காய்ந்து ஆறியபின் இரவு பூசி, காலையில் குளிக்க வேண்டும், எட்டு மணி நேரமாவது இருக்கட்டும். நடுவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. முதுகுக்கு ஒருவருக்கொருவர் பூசிவிடுங்கள், வெட்கப்பட்டால் பூச்சி தப்பிக்கும்.

மறுநாள் காலை, உடுத்தின துணி, துண்டு, போர்வை எல்லாவற்றையும் கொதிநீரில் முக்கி வெயிலில் காயப்போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் மூலையில் வையுங்கள். மனிதத் தோல் இல்லாமல் அந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் அவிழ்த்து மாற்றிவிடுங்கள். படர்தாமரைக்காரர்களுக்கும் இதேதான், அந்தக் கயிறு வியர்வையில் ஊறி ஊறி இடுப்பைச் சுற்றிப் பூஞ்சையை வளர்க்கும்.

கட்டிங்_மாஸ்டர் | ஞாயிறு, இரவு 11:20

நடந்துவிட்டது. முதலில் ஒருவனிடம் மட்டும் விரலைக் காட்டினேன். அவன் சட்டையைத் தூக்கித் தொப்புளைக் காட்டினான். அடுத்தவன் மணிக்கட்டை. ஆளாளுக்கு மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தது, நான்கு பேருக்கு இருக்கிறது! மூட்டைப்பூச்சிக்காக எரித்த பாய்தான் பாவம்.

எல்லாரும் ஜிஎச் போய் வாங்கி வந்துவிட்டார்கள். இப்போது ஐந்து பேரும் வெள்ளை வெள்ளையாக, பேய் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். ஃபேனைக் கூட்டி வைத்தால் குளிர்கிறது, குறைத்தால் பிசுபிசுக்கிறது. ஆறாவது ஆள் பட்டுக்கோட்டைக்கு, அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து என்று போயிருக்கிறான்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | திங்கள், காலை 6:30

அந்த ஆறாவது ஆளை விட்டுவிடாதீர்கள். காதுகுத்து வீட்டில் எத்தனை பேர் ஒரே ஜமுக்காளத்தில் படுத்தார்களோ!

கட்டிங்_மாஸ்டர் | 12 நாள் கழித்து

சிஸ்டர், இரண்டாவது தடவையும் பூசியாகிவிட்டது. விரல் இடுக்கு தெளிந்துவிட்டது. ஆனால் இரவில் அரிப்பு கொஞ்சம் இருக்கிறது. விதைப்பையில் மூன்று மேடுகள் கெட்டியாக, பட்டாணியில் பாதி அளவுக்கு நிற்கின்றன. இன்னொரு தடவை போட்டுவிடவா? நண்பன் ஒருவன் தினமும் போடுகிறான்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர் | அன்றே, இரவு

வேண்டாம். நண்பனையும் நிறுத்தச் சொல்லுங்கள், தினமும் போட்டால் தோல் வறண்டு அதுவே அரிக்கும். பூச்சி செத்தாலும் அதன் கழிவும் முட்டை ஓடும் தோலுக்குள் கிடக்கும். அதற்கு உடம்பு காட்டும் எதிர்ப்புதான் இந்த அரிப்பு. இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவலாம், அரிப்பு மாத்திரை ஓபியில் கேட்டால் தருவார்கள். அந்தக் கெட்டி மேடுகள் மாதக்கணக்கில்கூட நிற்கும், உயிருள்ள பூச்சி அதில் இருக்க வேண்டும் என்பதில்லை. புதிதாக மேடு வருகிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். நான்கு வாரம் தாண்டியும் புதிது வந்தால் மறுபடி காட்டுங்கள்.

பெயர்_வேண்டாம் | மறுநாள், காலை

ஆறாவது ஆள் என்ன ஆனார்?

கட்டிங்_மாஸ்டர் | மறுநாள், இரவு 10:15

காதுகுத்து முடிந்து அங்கேயே தங்கிவிட்டான். இன்றைக்குத்தான் பஸ் ஏறியிருக்கிறான். போனில் கேட்டதற்கு "லேசா அரிக்குதுடா, ஊர்ல தண்ணி சேரல" என்கிறான். ஐந்து பேரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டோம். அவன் பை வாசலைத் தாண்டாது. வெளியே ஒரு வாளி, மாற்று லுங்கி, 30 கிராம் டியூப் எடுத்து வைத்திருக்கிறோம். முதுகுக்குப் பூச என்னைப் போட்டிருக்கிறார்கள்.